உயரமான உயிர்வேலியை வெட்ட எந்த ஏணி, எந்தத் தாங்கு?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். வேலி மூன்றரை மீட்டர் உயரம், ஒன்றேகால் மீட்டர் கனம், இருபது மீட்டர் நீளம். ஒரு பக்கம் லேசாகச் சரியும் புல்தரை, மறுபக்கம் கல் பாவிய நடைபாதை. கையில் இருப்பவை இரண்டு துண்டாக நீளும் பழைய அலுமினிய ஏணியும் நான்கு கிலோ எடையுள்ள, வேலி வெட்டும் பேட்டரி டிரிம்மரும். ஏணிக்கு ஒரு ஸ்டெபிலைசர், அதாவது அசையாமல் தாங்கும் துணைக்கருவி, மாட்டினால் போதுமா, இல்லை வேறு ஏணி வாங்க வேண்டுமா, வாங்குவதானால் எது என்கிறீர்கள். ஆனால் “போன தடவை ஏணி ஒரு பக்கமாக அசைந்தது, அதிலிருந்து ஏறவே மனம் வரவில்லை” என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கேள்வி அங்கேதான் இருக்கிறது. இரண்டு கையும் இயந்திரத்தில் இருக்கும்போது, தரைக்கு இரண்டு மீட்டர் மேலே ஒருவர் எதை நம்பி நிற்பது? அதற்குத்தான் பதில் சொல்லப்போகிறேன். ஸ்டெபிலைசரும் அதற்குள் வந்துவிடும்.

தோட்டப் பராமரிப்பு வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். உயரத்தில் வேலை செய்வதற்கான பயிற்சியும் எடுத்திருக்கிறேன். ஆனால் எனக்கு உறைத்தது பயிற்சி வகுப்பில் இல்லை. வேலைக்கு வந்த புதிதில், உங்களுடையதைப் போன்ற ஏணி ஒன்றை வேலிமேலேயே சாய்த்து வைத்து மேற்புறத்தை மட்டம் தட்டிக்கொண்டிருந்தேன். ஏணியின் தலை எந்தக் கொப்பில் முட்டுக்கொடுத்து நின்றதோ, அந்தக் கொப்பையே வெட்டிவிட்டேன். உட்கார்ந்த கிளையை வெட்டியவன் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்லி வளர்ந்தவன்தான் நானும். ஏணி ஒரு முழம் உள்ளே போய், அப்படியே பக்கவாட்டில் திரும்பியது. நான் விழுந்த உயரம் இரண்டு மீட்டர்கூட இருக்காது. காறை எலும்பு முறிந்தது. ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் என்மேல் விழாமல் வேலிக்குள் போய்ச் சிக்கியது என் நல்ல நேரம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சந்தேகமே இல்லாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏணியில் எப்போதும் உடம்பின் மூன்று இடம் ஏணியைத் தொட்டிருக்க வேண்டும், அதாவது இரண்டு காலும் ஒரு கையும், என்பது எல்லாப் பாதுகாப்புக் கையேட்டிலும் இருக்கும் பாலபாடம். வேலி டிரிம்மர் அந்தப் பாடத்தோடு ஒத்துப்போகாத கருவி. இரண்டு கைப்பிடியிலும் உள்ள விசையை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் ஓடும். ஒன்றை விட்டாலும் நின்றுவிடும். விரல் பிளேடுக்குப் பக்கத்தில் போகக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். ஒரு விசையைக் கயிற்றாலோ டேப்பாலோ கட்டிவிட்டு ஒற்றைக் கையால் வெட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அந்த வேலையைச் செய்யாதீர்கள். ஆக, டிரிம்மரைப் பிடித்ததும் ஏணியைப் பிடிக்கக் கை இல்லை. ஏறுவதற்குத்தான் ஏணி, அதன்மேல் நின்று இரண்டு கையாலும் வேலை செய்வதானால் தொடையோ இடுப்போ முட்டிக்கொள்ள ஏதாவது இருக்க வேண்டும். பாதத்துக்குக் கீழே உருண்டைக் கம்பி உதவாது, ஓர் அகலமான பலகையாவது வேண்டும். ஏணி வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது இந்த இரண்டையும்தான்.

உங்களிடம் உள்ள சாய்த்து வைக்கும் ஏணிக்கு இந்த இரண்டுமே கிடையாது. இருந்தாலும் அது எப்படி நிற்கிறது, எப்படி விழுகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் ஸ்டெபிலைசர்களில் பெரும்பாலானவை இந்த ஏணிக்காகத்தான் விற்கப்படுகின்றன. நான்குக்கு ஒன்று என்ற கணக்கைக் கேள்விப்பட்டிருப்பீர்கள்: தலை நான்கு மீட்டர் உயரத்தில் சாய்ந்தால் அடி ஒரு மீட்டர் வெளியே இருக்க வேண்டும். அது கிட்டத்தட்ட 75 டிகிரி. ஏன் அந்தக் கோணம் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். வழுவழுப்பான சுவரில் 75 டிகிரியில் சாய்த்த ஏணியின் உச்சிக்கு அருகில் நீங்கள் நிற்கும்போது, அதன் அடியை வெளியே தள்ளும் விசை உங்கள் எடையில் கால் பங்குக்குச் சற்று மேல். அதே ஏணியை 60 டிகிரிக்குப் படுக்கவைத்தால் அது பாதிக்கும் மேலாகிவிடும். ஈரப் புல்லோ பாசி பிடித்த கல்லோ அவ்வளவைத் தாங்காது. இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த விசை நீங்கள் மேலே ஏற ஏறக் கூடுகிறது. கீழ்ப்படியில் நின்று குலுக்கிப் பார்த்துவிட்டு ‘கெட்டியாகத்தான் இருக்கிறது’ என்று ஏறுகிறவரை ஏணி மேலே போனபிறகு கைவிடுவது இதனால்தான்.

இதெல்லாம் சுவருக்கான கணக்கு. வேலி சுவர் இல்லை. இலையும் சுள்ளியும் வளைந்துகொடுக்கும். ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் அமுங்கும். ஏணி மெதுவாகத் திருகிக்கொள்ளும். போன தடவை உங்கள் ஏணி அசைந்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். உங்கள் தரையை நான் பார்க்கவில்லை, புல்தரையில் ஒரு கால் புதைந்தும் இருக்கலாம். எதுவானாலும் என் முடிவு ஒன்றுதான்: உயிர்வேலிமேல் ஏணியைச் சாய்த்து டிரிம்மர் ஓட்டாதீர்கள். எந்தத் துணைக்கருவியை மாட்டினாலும் இது மாறாது.

இப்போது துணைக்கருவிகள். ஸ்டெபிலைசர் என்ற ஒரே பெயரில் நான்கைந்து விதமான சாமான்கள் விற்கிறார்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நோய்க்கு மருந்து. ஏணியின் அடியில் குறுக்கே போடும் அகலமான பட்டை, பக்கவாட்டில் கவிழ்வதைக் குறைக்கும். ஈஎன் 131 என்ற ஐரோப்பியத் தரம் 2018இல் திருத்தப்பட்டபோது, சாய்த்துப் பயன்படுத்தும் ஏணி மூன்று மீட்டருக்கு மேல் இருந்தால் அடி அகலமாக இருந்தே ஆக வேண்டும் என்று ஆனது. அதற்குப் பிறகு வந்த ஏணிகளில் அந்தப் பட்டை கூடவே வருகிறது. உங்களுடையது பழையது என்பதால் இருக்காது. மட்டமான தரையில் இது நல்ல சாமான். மேடுபள்ளமான புல்தரையில் பட்டையின் நடுப்பகுதி ஒரு மேட்டில் உட்கார்ந்துகொண்டு இரு முனையும் தொங்கினால், பட்டை இல்லாதபோது இருந்ததைவிட மோசம். அங்கே வேண்டியது தனித்தனியாக நீட்டிக் குறைக்கக்கூடிய கால்கள். ஒரு காலை மட்டும் இறக்கிப் படிகளை மட்டத்துக்குக் கொண்டுவரலாம். சாய்வு ஏணிக்குப் பிரிட்டனின் ஹெச்எஸ்இ என்ற பணிப்பாதுகாப்பு அமைப்பு சொல்லும் வரம்பு, தரை பக்கவாட்டில் 16 டிகிரிக்கு மேலும் முன்பின்னாக 6 டிகிரிக்கு மேலும் சரிந்திருக்கக் கூடாது என்பது. அந்த வரம்புக்குள் இருந்தாலும் படிகள் மட்டமாக நின்றாக வேண்டும்.

ஏணியின் தலையில் மாட்டும் கொம்பு போன்ற ஒரு சட்டமும் உண்டு. சுவரிலிருந்து ஏணியைத் தள்ளி நிறுத்தவும், கூரைத் தகட்டில் பாரம் ஏறாமல் பார்த்துக்கொள்ளவும் வந்த சாமான் அது. ‘இதை மாட்டினால் வேலிமேலும் சாய்க்கலாம்’ என்று கடைக்காரர் சொல்லக்கூடும். பாரம் இரண்டு முனையிலிருந்து ஒரு மீட்டர் அகலத்துக்குப் பரவும், வாஸ்தவம்தான். ஆனால் பரவிய பாரமும் அதே சுள்ளியில்தான் நிற்கிறது. அப்புறம் ரப்பர் விரிப்பு: கல்தரைக்கு நல்லது, புல்லில் வீண். மென்மையான மண்ணுக்கு ஒரு கனமான பலகை போதும். அடியில் வைத்து, கால்கள் நழுவாதபடி அதன் ஓரத்தில் ஒரு கட்டை அடித்து, பலகையும் நகராதபடி இரண்டு முளை இறக்கிவிட்டால் காசில்லாமல் முடிந்துவிடும். எந்தத் துணைக்கருவியானாலும் உங்கள் ஏணியைச் செய்தவரே அதற்கென்று விற்பதாகவோ, இந்த மாடலுக்குப் பொருந்தும் என்று எழுதியதாகவோ இருக்க வேண்டும். பொருந்தவில்லை என்று ஏணிச் சட்டத்தில் நீங்களே துளை போட்டால் அந்த இடம் பலவீனமாகும், அதோடு ஏணியின் உத்தரவாதமும் போய்விடும்.

வீட்டில் ஒருவர் கீழே நின்று பிடித்துக்கொள்வார் என்றும் எழுதியிருந்தீர்கள். அடி நழுவுவதை அவர் ஓரளவு தடுப்பார். மூன்று மீட்டர் மேலே நீங்கள் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டால், கீழே நிற்பவரின் கைப்பலத்தால் அந்தப் பாரத்தைத் திருப்ப முடியாது. வேறு எந்த வழியும் இல்லாதபோது கடைசியாக யோசிக்க வேண்டியது என்றுதான் இதைப் பயிற்சியிலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். மேலும், வெட்டிய கொப்பும் சில சமயம் இயந்திரமும் வந்து விழும் இடத்தில்தான் அவர் நிற்கிறார். அவரை இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நிறுத்தி, கருவியை எடுத்துக்கொடுக்கவும், நீங்கள் எட்டிச் சாயும்போது ஒரு குரல் கொடுக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த உதவி பெரிது.

இனி தானே நிற்கும் ஏணிகள். வீட்டில் மின்விளக்கு மாற்ற வைத்திருக்கும் நான்குகால் மடக்கு ஏணி மட்டமான கெட்டித்தரைக்கு உரியது. புல்தரையில் அது என்ன செய்யும் என்பதைப் பெயர்களே சொல்லிவிடும்: முக்காலி ஆடாது, நாற்காலிதான் ஆடும். மூன்று புள்ளிகள் எந்தத் தரையிலும் ஒரே தளத்தில் அமர்ந்துவிடும். நான்காவது கால் வந்தால் அது எங்கேயாவது அந்தரத்தில் தொங்கும். தோட்டக்காரர்களுக்கென்று இருக்கும் மூன்றுகால் ஏணியின் மொத்த ரகசியமும் இவ்வளவுதான். முன்னால் அகலமாக விரிந்த இரண்டு காலும் படிகளும், பின்னால் நீட்டிக் குறைக்கக்கூடிய ஒற்றைக் காலும். பழத்தோட்டங்களிலும், மரங்களைக் கத்தரித்து வடிவமைக்கும் ஜப்பானியத் தோட்டக்காரர்களிடமும் இது நெடுநாளாகப் புழங்குகிறது. வேலிக்கு இதில் இன்னொரு வசதி உண்டு. அந்த ஒற்றைக் காலைச் செடிகளுக்கு நடுவே உள்ளே செருகலாம், அல்லது வேலியைத் தாண்டி மறுபக்கத்திலும் ஊன்றலாம். அப்போது நீங்கள் வேலியை ஒட்டி நேராகப் பார்த்து நிற்கலாம். நான்குகால் ஏணியை அவ்வளவு கிட்டே கொண்டுபோக முடியாது, வேலிக்கு இணையாகத்தான் போட வேண்டிவரும். போட்டால் உடம்பைத் திருப்பிக்கொண்டு பக்கவாட்டில் வெட்ட வேண்டும். பக்கவாட்டு வேலைதான் மடக்கு ஏணியைக் கவிழ்க்கிறது.

மூன்றுகால் ஏணியைப் புகழ்கிறவர்கள் சொல்லாமல் விடும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். ஆடாது என்பதால் கவிழாது என்று ஆகிவிடாது. அதன் அடித்தளம் முக்கோணம். முன்கால் இரண்டுக்கும் இடையே ஒரு மீட்டர், பின்கால் ஒன்றரை மீட்டர் தள்ளி ஊன்றியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ்ப்படியில் நிற்கும்போது உங்கள் எடை முன்கால்களுக்கு அருகில், அதாவது ஒரு மீட்டர் அகலத்தில் விழுகிறது. மேலே போகப் போக ஏணி உள்நோக்கிச் சாய்வதால் எடை முக்கோணத்தின் நடுப்பக்கம் நகர்கிறது. சரிபாதிக்கு வந்தால் அங்கே அகலம் அரை மீட்டர்தான். நடுவிலிருந்து பக்கத்துக்கு 25 சென்டிமீட்டர், ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல். கையை நீட்டி நான்கு கிலோ இயந்திரத்தை ஒரு பக்கமாகக் கொண்டுபோய், கூடவே இடுப்பையும் சாய்த்தால் அந்தச் சாண் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஏணியின் சொந்த எடை கொஞ்சம் கைகொடுக்கும், ஆனால் அலுமினிய ஏணிக்கு எடை குறைவு. ஆகவே விதி இது: உங்கள் தொப்புள் ஏணியின் இரண்டு சட்டங்களுக்கு நடுவிலேயே இருக்க வேண்டும். அது வெளியே போனால் இறங்கி ஏணியை நகர்த்த வேண்டிய நேரம் வந்துவிட்டது. ‘இன்னும் ஒரு சாண்தானே’ என்ற நினைப்புக்கு நான் பயப்படுகிற அளவுக்கு உயரத்துக்குப் பயப்படுவதில்லை.

இந்த ஏணி மண்ணுக்குப் பிறந்தது. அதன் கால்கள் மண்ணில் கடித்து நிற்கும்படி நகம்போல் செய்யப்பட்டிருக்கும். உங்கள் மறுபக்க நடைபாதையில் அதே நகம் சறுக்கும். மூன்று காலும் விலகிக்கொள்ளப் பார்க்கும். கல்தரைக்கு ரப்பர் பாதமும், மூன்று காலையும் ஒன்றோடொன்று இணைக்கும் சங்கிலியும் தனியாக விற்கிறார்கள். மூன்றுகால் ஏணிக்கு நான் கட்டாயம் என்று சொல்லும் ஸ்டெபிலைசர் அந்தச் சங்கிலிதான். ரப்பரை மட்டும் மாட்டிவிட்டுச் சங்கிலியை விட்டுவிடாதீர்கள்.

சரிவுக்கு வருவோம். மலிவான மூன்றுகால் ஏணியில் பின்கால் மட்டும்தான் நீளும். அதை வைத்து முன்பின் சரிவைச் சமாளிக்கலாம், பக்கச் சரிவை முடியாது. மூன்று காலையும் தனித்தனியாக மாற்றக்கூடிய வகையும் உண்டு, விலை கூடுதல். உங்கள் புல்தரை வேலியின் நீளவாக்கில் சரிகிறதா, வேலியை நோக்கிச் சரிகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. வேலியை நோக்கியோ வேலியிலிருந்து விலகியோ சரிந்தால் சாதாரண வகையே போதும். நீளவாக்கில் சரிந்தால் மூன்றும் மாறும் வகையை வாங்குங்கள், இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். எதுவானாலும், நிறுத்தியதும் ஒரு சின்ன ரசமட்டத்தைப் படியில் வைத்துப் பாருங்கள். பிறகு கீழ்ப்படியில் ஏறி இரண்டு காலாலும் நன்றாக மிதித்து, கால்கள் மண்ணில் அமர்ந்தபின் மறுபடியும் மட்டம் பாருங்கள். புதைகிற புதைவெல்லாம் நீங்கள் அரையடி உயரத்தில் இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும்.

எவ்வளவு உயரமான ஏணி? எல்லோரும் வேலியின் உயரத்தைச் சொல்லி ஏணி கேட்கிறார்கள். பார்க்க வேண்டியது பாதம் நிற்கும் உயரம். வேலியின் மேல்மட்டம் உங்கள் முழங்கைக்கும் மார்புக்கும் நடுவே வந்தால் வெட்டுவது சுலபம். தோளுக்கு மேலே போனால் கை சோர்ந்து இயந்திரம் அலையும், முழங்காலுக்கு இறங்கினால் குனிந்து தலைகுப்புற விழ வழியாகும். என்னைப்போல் 170 சென்டிமீட்டர் உயரம் உள்ளவருக்கு அந்த இடம் பாதத்திலிருந்து சுமார் 105 முதல் 125 சென்டிமீட்டர். மூன்றரை மீட்டரிலிருந்து கழித்தால் பாதம் இரண்டேகால் முதல் இரண்டரை மீட்டருக்குள் நிற்க வேண்டும். மேலே மேடையும் இடுப்புக்கட்டையும் உள்ள வகையானால் மேடையின் உயரமே அந்த அளவில் இருந்தால் போதும். மேடை இல்லாத வகையானால் மேலுள்ள இரண்டு மூன்று படிகளை விட்டுவிட வேண்டும், அவை முழங்கால் முட்டிக்கொள்வதற்கானவை. படிக்கு 30 சென்டிமீட்டர் என்று போட்டால் ஏறக்குறைய மூன்று முதல் மூன்றரை மீட்டர் ஏணி வரும். முடிந்தால் மேடை வகையை வாங்குங்கள். மேடையா படியா என்பதில் நான் சொல்வது அனுபவத்தில் வந்த அபிப்பிராயம்தான், படிகளில் நின்றே வாழ்நாள் முழுவதும் பிரமாதமாக வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வருடத்துக்கு இரண்டு முறை மட்டும் ஏறுகிறவருக்கு அந்தப் பழக்கம் உடம்பில் இருக்காது.

உங்கள் வேலியின் கனம் ஒன்றேகால் மீட்டர். ஒரு பக்கத்திலிருந்தே முழு அகலத்தையும் வெட்டலாம் என்று தோன்றும், பிளேடும் எட்டும். வேண்டாம். பாதியை இந்தப் பக்கமிருந்தும் மீதியை அந்தப் பக்கமிருந்தும் வெட்டுங்கள். நிற்கும் ஓர் இடத்திலிருந்து முக்கால் மீட்டர், மிஞ்சினால் ஒரு மீட்டர் அகலத்தைத்தான் ஒழுங்காக வெட்ட முடியும். இருபது மீட்டரை இரண்டு பக்கமும் முடிக்க நாற்பது, ஐம்பது முறை ஏணியை நகர்த்த வேண்டிவரும். முதல் பத்து முறை ஒழுங்காக நகர்த்துவீர்கள், முப்பதாவது முறை எட்டி வெட்டத்தான் தோன்றும். அதனால் கடையில் ஏணியை ஒரு தடவை தூக்கிப் பாருங்கள். தனியாக நிமிர்த்தி நாலடி நடக்க முடியாத ஏணி எவ்வளவு கெட்டியானதாக இருந்தாலும் உங்களுக்கு ஆகாது. வேலையையும் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே தடவையில் 30 நிமிடத்துக்கு மேல் ஏணியில் இருக்க வேண்டிய வேலை என்றால் வேறு சாதனத்தை யோசியுங்கள் என்பது ஹெச்எஸ்இ தரும் வழிகாட்டல். வேலி வெட்டுகிறவர்கள் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை, ஆனால் கை நடுங்க ஆரம்பிப்பதும் ஏறக்குறைய அந்த நேரத்தில்தான்.

எடைத் தாங்குதிறனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2018க்குப் பிறகான ஈஎன் 131 ஏணிகள், வீட்டு உபயோக வகையும் தொழில்முறை வகையும், இரண்டுமே 150 கிலோ மொத்தப் பாரத்துக்கு உரியவை. தொழில்முறை வகை கடுமையான சோதனைகளைத் தாண்டி வருகிறது என்பது வித்தியாசம். அமெரிக்க முறையில் எண்ணும் எழுத்துமாக இருக்கும்: மூன்றாம் வகை 200 பவுண்டு, அதாவது 90 கிலோ, ஒன்று-ஏ வகை 300 பவுண்டு, சுமார் 136 கிலோ. மொத்தப் பாரம் என்றால் நீங்கள், உங்கள் காலணி, இயந்திரம், இடுப்பில் தொங்கும் சாமான் எல்லாம் சேர்த்து.

மின்கம்பி வேலிக்கு அருகில் போகிறதா என்று ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிடுங்கள். போனால் அலுமினிய ஏணியை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பக்கவாட்டில் ஆறு மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்பது ஹெச்எஸ்இ சொல்லும் அளவு. கண்ணாடியிழை ஏணி மின்சாரம் கடத்தாது என்பார்கள். காய்ந்து சுத்தமாக இருக்கும்வரை சரி, இலைச்சாறும் ஈரமும் ஒட்டினால் அந்தப் பேச்சு செல்லாது.

ஏணியை விட்டு வேறு வழி உண்டா என்று நீங்கள் கேட்கவில்லை, நான் இருந்தால் அதைத்தான் முதலில் கேட்பேன். நீளக் கம்பத்தில் பொருத்திய டிரிம்மர் என்று ஒன்று இருக்கிறது. பிளேடின் தலை மடங்கும். பக்கச்சுவர் முழுவதையும் தரையில் நின்றே வெட்டிவிடலாம்; மூன்றரை மீட்டர் உயர மேற்புறத்தில் ஓரத்தையும் தொட்டுவிடலாம், ஆனால் மேலே மட்டம் பார்க்க முடியாது, கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவதுபோல்தான். எடை நான்கு முதல் ஆறு கிலோ, அதுவும் பாரம் முனையில் இருப்பதால் தோளில் மாட்டும் வார் இல்லாமல் அரைமணி தாங்காது. இதைக் கொண்டு பக்கங்களை முடித்துவிட்டு, மேற்புறத்துக்கு மட்டும் ஏணி ஏறினால் உயரத்தில் இருக்கும் நேரம் வெகுவாகக் குறையும். இதைவிட நிரந்தரமான வழி, வேலியையே இறக்குவது. இரண்டரை மீட்டருக்குக் கொண்டுவந்துவிட்டால் ஒரு தாழ்வான மேடைப்பலகையே போதும். அகன்ற இலைச் செடிகள் பல ஆழமாக வெட்டினாலும் தழைக்கும். ஊசியிலை வகைகளில் பெரும்பாலானவை பழுப்பேறிய பழைய மரத்திலிருந்து துளிர்க்காது. உங்கள் வேலி என்ன செடி என்று எழுதினால் எவ்வளவு இறக்கலாம் என்று சொல்கிறேன். இருக்கிற உயரமே வேண்டும் என்றாலும், மேல்பகுதி அடியைவிடக் குறுகலாக வரும்படி பக்கங்களைச் சரித்து வெட்டிப் பழக்குங்கள். அடிவரை வெயில் படும், எட்ட வேண்டிய அகலமும் வருடா வருடம் குறையும்.

நடைபாதைப் பக்கத்துக்குச் சக்கரம் வைத்த சின்ன அலுமினியச் சாரம் வாடகைக்குக் கிடைத்தால் அதுவே எல்லாவற்றிலும் மேல். கைப்பிடி உண்டு, நடந்துகொண்டே வெட்டலாம், ஒரு தடவை நிறுத்தினால் இரண்டு மீட்டர் நீளம் முடியும். சக்கரத்தைப் பூட்டாமல் ஏறக் கூடாது, ஆள் மேலே இருக்கும்போது தள்ளக் கூடாது. புல்சரிவில் அதைக் கொண்டுபோக முடியாது, அங்கே மூன்றுகால் ஏணிதான்.

ஏறும்போது இயந்திரத்தைக் கையில் கொண்டு ஏறாதீர்கள். இரண்டு கையாலும் ஏறி, நின்று, இடுப்பை முட்டிக்கொண்டபின், பேட்டரி கழற்றிய டிரிம்மரைக் கீழே இருப்பவர் எடுத்துக்கொடுக்கட்டும், அல்லது கயிற்றில் இழுத்துக்கொள்ளுங்கள். படியில் விழும் இலைகளை ஒவ்வொரு இறக்கத்திலும் தட்டிவிடுங்கள். பச்சை இலை நசுங்கினால் எண்ணெய்போல் வழுக்கும். வெட்டத் தொடங்குமுன் வேலியைப் பிரித்துக் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். குஞ்சுகளுக்காக மட்டும் சொல்லவில்லை, குளவிக்கூடும் உள்ளே இருக்கலாம். இரண்டு கையும் இயந்திரத்தில் இருக்கும்போது குளவி கலைந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஆக உங்கள் இடத்துக்கு நான் வாங்குவது: மேடை இரண்டேகால் மீட்டருக்குச் சற்று மேலே உள்ள, இடுப்புக்கட்டை வைத்த, மூன்று காலும் நீளும் அலுமினிய மூன்றுகால் ஏணி ஒன்று; நடைபாதைக்கு ரப்பர் பாதமும் சங்கிலியும்; பணம் மிஞ்சினால் கம்பத்து டிரிம்மர். வருடத்துக்கு ஒரே தடவைதான் வெட்டுவீர்கள் என்றால் ஏணியையும் வாடகைக்கே எடுங்கள், வைக்க இடமும் மிச்சம். பழைய ஏணியைத் தூக்கி எறிய வேண்டாம். கால் ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றி, படிகளில் வளைவோ விரிசலோ இல்லை என்று பார்த்து, சுவரில் சாய்க்கும் வேலைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். விரிசல் இருந்தால் மட்டும், வேறு யாரும் எடுத்து ஏறிவிடாதபடி இரண்டாக அறுத்துப் பழைய உலோகக்காரரிடம் போட்டுவிடுங்கள்.